வாய் முந்திய பதில்

சில வீடுகளில் செத்தவர்களைச் சாமியாக்கிவிடுவார்கள். இந்த வீட்டில் செத்தவன் வசவாகிப் போனான்.

டம்ளர் கைதவறி விழுந்தால் அம்மா சொல்லுவாள்: "அப்படியே உங்கண்ணன்தான்." குடையைப் பஸ்ஸில் விட்டுவிட்டு வந்தால், அண்ணன் புத்தி அச்சு அசலாக வந்திருக்கிறது என்பாள். அடுப்பில் பால் பொங்கி வழிந்தால்கூட, பாலுக்கும் அவனுக்கும் என்ன சம்பந்தம் என்று யோசிக்காமல் ஒரு பாட்டம் அவனைத் திட்டிவிட்டுத்தான் துணியை எடுப்பாள். அவள் அழுது மகள் பார்த்ததில்லை. மூன்று வருடமாகத் திட்டிக்கொண்டிருக்கிறாள்.

மகளுக்கு இதுதான் தாங்கவில்லை. அவளுடைய அண்ணனைப் போல ஒரு கவனக்காரன் அந்தத் தெருவிலேயே கிடையாது. தெருமுனை வரை போனவன், பூட்டை இழுத்துப் பார்த்தோமா என்று திரும்பி வருவான். பார்த்துவிட்டுப் போனவன், கேஸை மூடினோமா என்று மறுபடியும் வருவான். ஒரு நாள் இல்லை ஒரு நாள் நீ உன்னையே உள்ளே வைத்துப் பூட்டிவிட்டுப் போகப் போகிறாய் என்று தங்கை கேலி செய்வாள். அப்பேர்ப்பட்டவன் லிஃப்ட் மேலே ஏறி நின்று வேலை செய்யும்போது, கரண்டை நிறுத்தியாயிற்றா என்று ஒரு வார்த்தை கேட்காமல் ஏறிவிட்டான், லிஃப்ட் நகர்ந்துவிட்டது, அதனால் செத்தான் என்று கம்பெனியில் சொன்னார்கள். போதாக்குறைக்கு, ஆஸ்பத்திரியில் உயிர் பிரிவதற்கு முன்னால் அவனே சூப்பர்வைசரிடம் சொன்னானாம்: "நான் கேக்கல சார். நானாத்தான் ஏறினேன்."

அம்மா அதை நம்பினாள். பெற்ற பிள்ளையின் கடைசி வார்த்தையை நம்பாமல் வேறு எதை நம்புவாள்? நம்பிய நாளிலிருந்து அவனை அவளால் மன்னிக்க முடியவில்லை. அவள் ஒரு பல் டாக்டரின் கிளினிக்கில் பெருக்கித் துடைக்கிற வேலை பார்க்கிறாள். அங்கே டாக்டரில் தொடங்கி, வீங்கிய கன்னத்தோடு உட்கார்ந்திருந்தவர்கள் வரைக்கும் எல்லோரும் துக்கம் விசாரித்தார்கள். விசாரித்துவிட்டுக் கடைசியில், பையன் கொஞ்சம் கவனமாக இருந்திருக்கக் கூடாதா என்று முடித்தார்கள். ஊர் வாயை மூட உலைமூடி ஏது? கேட்டுக் கேட்டு அந்தக் கேள்வி அம்மாவின் வாய்க்கும் வந்து ஒட்டிக்கொண்டது.

தங்கை எலக்ட்ரிக்கல் டிப்ளமா முடித்ததும், இறந்தவனின் வீட்டில் ஒருவருக்கு வேலை தருவதாகக் கம்பெனியிலிருந்து ஆள் வந்தது. ஒன்றைக் கொடுத்தது போதாதா என்று அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ஆபீசிலேயே உட்கார்ந்து பார்க்கிற வேலை, ஃபேன் காற்று, மேஜை நாற்காலி என்று வாய் கூசாமல் பொய் சொல்லித்தான் மகள் சேர்ந்தாள். அவள் சேர்ந்ததற்குக் காரணம் ஒன்றே ஒன்று. அண்ணன் செத்த அன்று மேலே கரண்டை நிறுத்த வேண்டிய இடத்தில் நின்றவன் இன்னும் அங்கேதான் வேலை செய்தான். அவன் வாயிலிருந்து ஒரு வாக்கியம் அவளுக்கு வேண்டும்: உன் அண்ணன் கேட்டான். அதை மட்டும் வாங்கிவிட்டால் அம்மாவின் முன்னால் கொண்டுபோய்க் கொட்டிவிடலாம். அண்ணன் மறுபடியும் அண்ணனாகிவிடுவான்.

இருபது வயதில் மனிதர்களுக்கு இப்படித்தான் தோன்றும். உண்மை என்பது எவனோ ஒருவன் பாக்கெட்டில் மடித்து வைத்திருக்கிற பொருள், கையை விட்டு எடுத்துக்கொள்ள வேண்டியதுதான் பாக்கி என்று.

வேலையிடத்தில் எல்லோரும் அவளைத் 'தங்கச்சி' என்றார்கள். முதலில் 'அவனோட தங்கச்சி' என்று ஆரம்பித்தது. பிறகு அவன் உதிர்ந்துபோய்த் தங்கச்சி மட்டும் மிஞ்சியது. அவளும் எல்லோரையும் அண்ணே அண்ணே என்றாள், ஒருவனைத் தவிர. அந்த ஒருவனை மற்றவர்கள் 'கோட்டான்' என்று கூப்பிட்டார்கள். ஊமைக்கோட்டான் என்பதன் சுருக்கம் அது. முன்பெல்லாம் வாய் ஓயாமல் பேசுகிறவனாம், அண்ணனும் அவனும் மாப்ள மச்சான் என்று தோளில் கைபோட்டுத் திரிந்தவர்களாம். இப்போது கேட்டதற்குப் பதில் சொல்லுவான், சொன்ன வேலையைச் செய்வான், டீ குடிக்கும்போது சுவரைப் பார்ப்பான். கண்ணுக்குக் கீழே எப்போதும் ஒரு கருப்பு. தூங்காத மனிதனின் முகம் அது என்று யாருக்கும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அவளுக்கு அது குற்றமுள்ள நெஞ்சின் குறுகுறுப்பு என்று பட்டது. படட்டும், நன்றாகப் படட்டும் என்று உள்ளுக்குள் ஒரு சந்தோஷம்கூட இருந்தது. அவனைப் பார்த்து அண்ணே என்று சொல்ல மட்டும் நாக்கு புரளவில்லை. "இங்க பாருங்க" என்றுதான் கூப்பிடுவாள்.

வேலை என்னவோ எளிமையானதுதான். ஒருவர் மொட்டை மாடியில் உள்ள மெஷின் ரூமில் நிற்க வேண்டும். இன்னொருவர் ஏதாவது ஒரு மாடியில் லிஃப்ட் கதவைச் சாவி போட்டுத் திறந்து, கேபினின் தலைமேல் ஏறி, தண்டவாளத்துக்குக் கிரீஸ் போடுவார், கம்பி வடத்தைத் தடவிப் பார்ப்பார். ஏறுவதற்கு முன்னால் அவர் மேலே பார்த்து "ஆஃபா?" என்று கத்த வேண்டும். மெஷின் ரூமில் இருக்கிறவர் மெயின் சுவிட்சை இறக்கி, அதில் சிவப்பு அட்டையை மாட்டி, அதற்குப் பிறகு "ஆஃப்" என்று திருப்பிக் கத்த வேண்டும். முதலில் கை, பிறகு வாய். எழுதாத சட்டமாக எல்லோருக்கும் தெரிந்தது. ஆனால் காலையிலிருந்து கட்டடம் கட்டடமாக ஏறி இறங்குகிறவர்களுக்கு நாளாக நாளாக வாய் முந்திக்கொள்ளும். ஆஃப் என்று சொல்லிக்கொண்டேதான் கையை நீட்டுவார்கள். வாய்க்கும் கைக்கும் நடுவே ஒரு மூச்சு விடுகிற நேரம். பெரும்பாலும் அதற்குள் ஒன்றும் நடந்துவிடாது.

சேர்ந்த புதிதில் அவளை மெஷின் ரூமில்தான் நிறுத்தினார்கள். கம்பி வடம் இறங்குகிற ஓட்டைகள் வழியாகக் கீழேயிருந்து முதல் தடவை குரல் வந்தது. அது அண்ணனின் குரல். எட்டிப் பார்த்தாள். இருட்டும் கிரீஸ் நாற்றமும்தான் இருந்தன. கத்தியது வேறு யாரோ ஒரு தொந்தி பெருத்த அண்ணன். அத்தனை மாடி உயரத்துக்குக் குழியில் அடிபட்டு அடிபட்டு வருகிற குரலில், யாருடையது என்கிற பாகம் வழியிலேயே தேய்ந்துவிடுகிறது, கேள்வி மட்டும் வந்து சேருகிறது. இதெல்லாம் புத்திக்குத் தெரிகிறது. காதுக்கு யார் சொல்வது? அன்றிலிருந்து ஒவ்வொரு கட்டடத்திலும் அவளிடம் கேட்டது அண்ணன்தான். சுவிட்சை இறக்கி, அட்டையை மாட்டி, ஆஃப் என்று கத்திவிட்டு, இன்னும் ஏதாவது சொல்லுவானா என்று குனிந்து காத்திருப்பாள். பயமாகத்தான் இருக்கும். ஆனாலும் அடுத்த கட்டடம் எப்போது வரும் என்று மனம் அலையும்.

கோட்டானிடம் அவள் கேட்காமல் இல்லை. ஒரு தடவை டீக்கடையில், ஒரு தடவை வேனில், ஒரு தடவை மாடிப்படியில் வழியை மறித்துக்கொண்டு நேருக்கு நேராக. அன்னைக்கு எங்கண்ணன் கேட்டானா இல்லையா என்பாள். அவன் அவளைப் பார்க்காமல், "அதான் அவனே சொல்லிட்டானே" என்பான். அந்தப் பதிலைச் சொல்லும்போது அவன் உதடு வறண்டுபோகும். கல்லுளிமங்கன், அடித்தாலும் கக்க மாட்டான் என்று அவள் பல்லைக் கடித்துக்கொள்வாள். வீட்டுக்குப் போனால் அம்மா எதற்காகவோ அண்ணனைத் திட்டிக்கொண்டிருப்பாள்.

அவர்கள் இரண்டு பேரையும் ஒரே கட்டடத்துக்கு அனுப்பக் கூடாது என்று சூப்பர்வைசருக்கு ஒரு கணக்கு இருந்தது. அந்த வாரம் இரண்டு பேர் லீவு. வேறு ஆள் இல்லை. ஒரு காலை வேளையில், பழைய குடியிருப்பு ஒன்றுக்கு அவளையும் கோட்டானையும் அனுப்பினார். வேனில் இரண்டு பேரும் பேசவில்லை. அவன் ஒவ்வொரு மாடியாக 'வேலை நடக்கிறது' பலகையை வைத்துக்கொண்டே ஏறினான். அவள் மெஷின் ரூமுக்குப் போனாள். புறா எச்சம், ஒட்டடை, உடைந்த ஜன்னல் வழியாக அடிக்கிற வெயில். சுவிட்சுப் பெட்டி கைக்கு எட்டுகிற தூரத்தில்தான் இருந்தது.

கீழேயிருந்து குரல் வந்தது.

"ஆஃபா?"

இந்த மூன்று வருடத்தில் அவள் படுக்கையில் கிடந்தபடி எத்தனையோ முறை அண்ணன் செத்த அந்தக் கட்டடத்து மெஷின் ரூமுக்குப் போயிருக்கிறாள். அண்ணன் கீழேயிருந்து கேட்பான். அந்த ஊமையை ஓரமாகத் தள்ளிவிட்டு அவள் சரியாக நிறுத்துவாள், சரியாகப் பதில் சொல்லுவாள். அண்ணன் வேலையை முடித்துக்கொண்டு வீட்டுக்கு வந்துவிடுவான். அத்தனை ராத்திரியும் சொல்லிப் பழகிய பதில் அது. இப்போது கேட்டதும் அதே குரலாக இருந்தது, கத்தியவன் அவனுடைய பழைய மச்சான் என்பதால் இழுப்புகூட அதே இழுப்பாக இருந்தது. அவள் நெஞ்சு நிறைந்துபோய், "ஆஃப்" என்றாள். சொன்னதும் மனம் லேசாகிவிட்டது. எல்லாம் சரியாகிவிட்டது போல இருந்தது. வழக்கம்போலக் குனிந்து, இன்னும் ஏதாவது சொல்லுவானா என்று காதைக் கொடுத்தாள்.

பக்கத்தில் மோட்டார் ஓடத் தொடங்கியது.

எந்த மாடியிலோ யாரோ பலகையைப் பார்க்காமல் பொத்தானை அமுக்கியிருக்கிறார்கள். அவ்வளவுதான். அவள் பாய்ந்து சுவிட்சை இறக்குவதற்குள் கேபின் அரை மாடி நகர்ந்திருந்தது. கீழேயிருந்து ஒரு சத்தம் வந்தது. அது வார்த்தை இல்லை. அவள் ஓட்டையில் வாயை வைத்து "அண்ணே, அண்ணே" என்று அலறினாள். எந்த அண்ணனை என்று கேட்டால் அவளுக்குச் சொல்லத் தெரியாது.

கேபினுக்கும் சுவருக்கும் நடுவே அவனுடைய வலது கால் மாட்டியிருந்தது. உயிருக்கு ஆபத்தில்லை, ஆனால் முழங்காலுக்குக் கீழே காப்பாற்ற முடியாது என்றார்கள். ஆஸ்பத்திரி வராந்தாவில் அவள் கிரீஸ் கையோடு நின்றாள். நான்தான், நான்தான் என்று அவளுக்குள் ஒன்று சொல்லிக்கொண்டே இருந்தது. சூப்பர்வைசர் வார்டிலிருந்து கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தபடி வந்தார். கோட்டானே வாய்விட்டுச் சொல்லிவிட்டானாம். கேட்காமலேயே ஏறிவிட்டானாம். ஏதோ யோசனையில் இருந்துவிட்டானாம். நீ பயப்படாதே, உன்மேல் ஒன்றும் வராது, வீட்டுக்குப் போ என்று சூப்பர்வைசர் அவள் தலையில் தட்டிக் கொடுத்தார்.

அவள் வாயைத் திறந்தாள். தலை தானாக ஆடியது. சரி சார் என்றாள்.

மூன்று வருடமாக ஒருத்தனை நினைத்துப் பல்லைக் கடித்தவளுக்கு, அவன் செய்த காரியத்தைச் செய்ய ஒரு நிமிஷம்கூடப் பிடிக்கவில்லை. எவ்வளவு சுலபமாக இருந்தது என்பதுதான் அவளைக் கலக்கியது. படியிறங்கும்போது கால் நடுங்கவில்லை. பஸ் கிடைத்தது. உட்காரக்கூட இடம் கிடைத்தது.

மறுநாள் பார்வையாளர் நேரத்தில் போனாள். வார்டு வாசலிலேயே ஒரு பெண்ணின் குரல் கேட்டது. துணிக்கடைச் சீருடையோடு அப்படியே ஓடி வந்திருந்த கோட்டானின் மனைவி. அவள் கட்டிலின் தலைமாட்டில் நின்று, மூக்கைச் சிந்திச் சிந்திப் புருஷனைத் திட்டிக்கொண்டிருந்தாள். "கவனமா இருங்க, கவனமா இருங்கன்னு தலைதலையா அடிச்சுக்கிட்டேனே. ஒரு வார்த்தை கேட்டுட்டு ஏறினா வாய் முத்தா உதிர்ந்துடும்?" அவன் கண்ணை மூடிக்கொண்டு வாங்கிக்கொண்டிருந்தான். தங்கச்சிக்கு அந்தக் குரல் வேறு ஒரு வீட்டிலிருந்து வருவதுபோல இருந்தது. அந்தக் குரலில்தானே அவள் மூன்று வருடமாகக் காலையில் கண் விழிக்கிறாள்.

மனைவி மருந்து வாங்கப் போனதும் தங்கச்சி கட்டிலருகே வந்தாள். ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்று கேட்டாள். அவன் ஃபேனைப் பார்த்தான்.

"எனக்கு ஒருத்தன் குடுத்தான். அத உனக்குக் குடுத்தேன்" என்றான்.

அவளுக்குப் புரிந்துவிட்டது. ஆனாலும் கேட்டாள். "எங்கண்ணன் கேட்டானா?"

"கேட்டான்."

எதற்காக இத்தனை நாள் அலைந்தாளோ அது கைக்கு வந்துவிட்டது. ஒரே வார்த்தை. துள்ளிக் குதிக்க வேண்டும், இல்லை அவன் சட்டையைப் பிடித்து உலுக்க வேண்டும். அவளால் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கத்தான் முடிந்தது. சட்டையைப் பிடிக்க எந்தக் கையை நீட்டுவாள்? நேற்று நீட்டாமல் விட்ட கையையா?

அவன் ஊமை இல்லை. மூன்று வருடத்துப் பேச்சும் அன்றைக்கு வந்தது. நிதானமாக, நடுநடுவே நிறுத்தி நிறுத்திச் சொன்னான். அண்ணன் கேட்டான், இவன் ஆஃப் என்று சொன்னான், சொல்லிக்கொண்டே சுவிட்சுக்குக் கையைக் கொண்டு போனான். அப்போது போன் அடித்தது. கல்யாணம் நிச்சயமாகியிருந்த நேரம். பெண்தான் கூப்பிட்டாள். சும்மா, சாப்பிட்டாயிற்றா என்று கேட்க. சுவிட்சுக்குப் போன கை போனுக்குப் போனது. "அவகிட்ட 'ம்'னு ஒரு வார்த்தைதான் சொன்னேன். அதுக்குள்ள மோட்டார் ஓடிடுச்சு" என்றான். ஆஸ்பத்திரியில் சூப்பர்வைசர் வருவதற்கு முன்னால் அண்ணன் இவனை அருகே கூப்பிட்டுச் சொன்னானாம்: "நான் கேக்கலன்னு சொல்லிடறேன். நீ வாயத் திறக்காத. கல்யாணத்த நிறுத்திடாதடா."

"அவங்களுக்குத் தெரியுமா?" என்று அவள் வாசல் பக்கம் கண்ணைக் காட்டிக் கேட்டாள்.

"அவதான் போன்லன்னா? தெரியாது" என்றான். முகத்தைத் தலையணைப் பக்கம் திருப்பிக்கொண்டான். வேலைக்குச் சேர்ந்து முதல் தடவையாக அவள் அவனை அண்ணே என்று கூப்பிட்டாள். அவன் திரும்பவில்லை.

வீட்டில் அம்மா கிளினிக்கிலிருந்து வந்து, காலைத் தேய்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். விபத்துச் சேதி அவளுக்கு முதல் நாளே தெரியும். மகளுக்கு மேஜை நாற்காலி வேலை இல்லை என்பதும் அப்போதே தெரிந்துவிட்டது. அதற்கான பாட்டைப் பாடி முடித்திருந்தாள். இப்போது, அந்தப் பையனும் கவனமில்லாத ஜென்மம்தானா என்று ஆரம்பித்தாள். பிறகு அவளாகவே நிறுத்திக்கொண்டு, வேறு குரலில் பேசினாள்.

"பாவம், அவன் பொண்டாட்டி. போனத அழுது தீத்துடலாம். தப்பு உன் ஆளு மேலதான்னு சொன்னாங்க பாரு, அத முழுங்கவும் முடியாது, துப்பவும் முடியாது."

மகள் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். அண்ணன் கேட்டது, பதில் வந்தது, அவன் பழியைத் தன்மேல் போட்டுக்கொண்டது, பிறகு நேற்றைக்குத் தான் செய்தது, வராந்தாவில் தலையாட்டியது. போனில் யார் என்பதை மட்டும் ஏனோ சொல்லவில்லை. சொல்லும்போது, இதோ அம்மா உடைந்து அழப்போகிறாள், என் பிள்ளை என் பிள்ளை என்று கதறப்போகிறாள், எல்லாம் சரியாகிவிடும் என்று ஒரு மூலையில் இன்னும் எதிர்பார்த்தாள்.

அம்மாவின் முகம் இறுகியது.

"பொய் சொன்னானா?" என்றாள். "கூட்டாளி நல்லா இருக்கணும்னு பொய் சொல்லிட்டுப் போயிட்டான். சரி. எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா? நானும் பக்கத்துலதானே நின்னேன். வாய்ல தண்ணி ஊத்தினேன். என் முகத்தப் பாத்துக்கிட்டே படுத்திருந்தான். இந்தப் பழிய என் தலையில வெச்சுட்டுப் போறமேன்னு தோணலையா அவனுக்கு? நான் பெத்த பிள்ளையவே திட்டித் திட்டி..." சுவரில் தலையைச் சாய்த்து வாயைப் பொத்திக்கொண்டாள். பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்பார்கள். இரண்டுக்கும் சம்பந்தமில்லாமல் ஓரமாக நின்றவள்தான் இத்தனை நாளும் இரண்டையும் சுமந்திருக்கிறாள். மகள் அருகே போய்த் தோளைத் தொட்டாள். அம்மா அந்தக் கையைத் தள்ளவும் இல்லை, பிடித்துக்கொள்ளவும் இல்லை.

வாயிலிருந்து கையை எடுத்துவிட்டு அம்மா கேட்டாள்: "அந்தப் பொண்ணுகிட்ட என்ன சொல்லியிருக்காங்க?"

"அவரு மேலதான் தப்புன்னு."

"அப்ப போய்ச் சொல்லிட்டு வா. என்ன மாதிரி அவளும் ஆகிடப் போறா."

இருட்டுவதற்கு முன்னால் அவள் மறுபடியும் ஆஸ்பத்திரிக்குப் போனாள். கோட்டானின் மனைவி வார்டுக்கு வெளியே குழாயடியில் ஃபிளாஸ்க் கழுவிக்கொண்டிருந்தாள். இன்னும் அதே சீருடைதான். தங்கச்சி பக்கத்தில் போய் நின்று, தான் யார் என்று சொன்னாள். பிறகு, சுற்றி வளைக்காமல் சொன்னாள்.

"அக்கா, அவரு கவனமாத்தான் இருந்தாரு. கேட்டுட்டுத்தான் ஏறினாரு. நான்தான் நிறுத்தாமலே ஆஃப்னு சொல்லிட்டேன். நாளைக்கு ஆபீஸ்லயும் சொல்லிடுவேன்."

அக்கா குழாயை மூடினாள். ஃபிளாஸ்க்கைத் தலைகீழாகக் கவிழ்த்து, தண்ணீர் வடிகிற வரைக்கும் பிடித்துக்கொண்டிருந்தாள். அடிப்பாள் என்று தங்கச்சி நினைத்தாள். அடித்துவிட்டால்கூடத் தேவலை என்று இருந்தது.

"நேத்துலேருந்து அந்த மனுஷன நாக்கப் பிடுங்கிக்கிற மாதிரி கேட்டுக்கிட்டு இருக்கேன்" என்றாள் அக்கா. "கால் போயி படுத்திருக்கிற மனுஷன. எல்லாத்தையும் வாங்கிட்டுக் கம்முனு கிடந்தாரு." அவள் உதடு கோணியது. புறங்கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "என்னால உன்ன மன்னிக்க முடியாது."

"சரிக்கா."

போகலாமா நிற்கலாமா என்று தெரியாமல் தங்கச்சி நின்றாள். மன்னிப்புக் கிடைக்கும் என்று நம்பி வந்ததாக அவளுக்கு நினைவில்லை. ஆனாலும் அது கிடையாது என்றதும், அந்தச் சொல் அவளுக்குள் இறங்கி உட்கார்ந்தது. அது இனி எழுந்து போகாது என்றும் தெரிந்தது. ஆஃபா என்று இனிமேல் கேட்கப்போகிற குரல் அண்ணனுடையதாக இருக்காது. அந்தக் குரலுக்கு இப்போது வேறு ஆள் வந்துவிட்டது.

அக்கா ஃபிளாஸ்க்கை இடுக்கிக்கொண்டு நாலடி நடந்தவள், திரும்பி வந்தாள். கோபமெல்லாம் எங்கோ போய், முகத்தில் வெறும் அசதி இருந்தது.

"ஒண்ணு கேக்கணும். நீங்க எல்லாம் ஒரே இடத்துல வேலை செய்யறவங்க. கல்யாணம் ஆன நாள்லேருந்து இவரு தூக்கத்துல எழுந்து உக்காந்து கத்துறாரு. போன வை, போன வைன்னு. யாருகிட்டன்னு கேட்டா வாயத் திறக்க மாட்டேங்குறாரு. நேத்து மயக்க மருந்துலகூட அதையேதான் சொன்னாரு. யாரு போன் அது? உனக்கு ஏதாவது தெரியுமா?"

உண்மையைச் சொல்லத்தான் அவள் அந்த ஆஸ்பத்திரிக்கு வந்திருந்தாள். அது நாக்கு நுனியில்தான் இருந்தது. அக்காவின் முகத்தைப் பார்த்தாள். சாப்பிட்டாயிற்றா என்று கேட்டதைத் தவிர வேறு ஒரு பாவமும் அறியாத முகம்.

"தெரியாதுக்கா" என்றாள்.

குரல் எங்கே நடுங்கிவிடுமோ என்று பயந்தாள். நடுங்கவில்லை. நான் கேக்கல சார் என்று சொன்னபோது அண்ணனின் குரலும் இப்படித்தான் இருந்திருக்கும்.